ஒரே பெட்டியில் மூன்றா, ஆர்கானுக்குத் தனிப் பெட்டியா?

பர்கூர் பக்கம் சொந்தமாக வெல்டிங் பட்டறை போட்டிருக்கும் ஒரு தம்பி தை மாதத்தில் வந்து கேட்டான். "அண்ணா, த்ரீ இன் ஒன் மெஷின் வாங்கட்டுமா, இல்ல ஆர்கானுக்குன்னு தனியா ஒண்ணு வாங்கிடட்டுமா?" இரண்டும் வாங்கக் கையில் பணமில்லை. இதுவரை கேட், கிரில், தகர ஷெட் என்று இரும்பு வேலைதான், அதுவும் பழைய ஆர்க் செட்டை வைத்து. மாங்கூழ் ஆலை ஒன்றில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று காதில் விழுந்ததிலிருந்து அவனுக்குத் தூக்கம் போய்விட்டது.

"அந்த த்ரீ இன் ஒன்லயே ஆர்கானும் இருக்கேண்ணா" என்றான் அடுத்ததாக. உண்மைதான். பெட்டியின் முகப்பில் மிக், டிக், ஆர்க் என்று மூன்றும் அச்சிட்டிருக்கிறது. அப்புறம் எதற்குத் தனியாக ஒன்று? நியாயமான கேள்வி. ஆனால் அந்த முகப்பில் எழுதாமல் விட்டது நிறைய.

பெயர்களை முதலில் சரி செய்துகொள்வோம். நம் பக்கம் ராடு வைத்து அடிப்பதை ஆர்க் என்போம். கம்பிச் சுருள் தானாக ஓடி வரும் மிக் முறைக்கு சி.ஓ.டூ (கரியமில வாயு) என்றுதான் பெயர், உருகும் இடத்தில் காற்று படாமல் மூட உள்ளே போவது பெரும்பாலும் அந்த வாயுதான் என்பதால். டிக் என்றால் இங்கே யாருக்கும் சட்டென்று பிடிபடாது. ஆர்கான் வெல்டிங் என்றால் எல்லாருக்கும் தெரியும், இதில் மூடிக் காக்கும் வாயு ஆர்கான். டங்ஸ்டன் முனையிலிருந்து நெருப்பு வரும், முனை உருகாது (உருகவேண்டுமானால் 3,400 டிகிரி வேண்டும்), இணைப்பை நிரப்பும் ஃபில்லர் கம்பியை இன்னொரு கையால் ஊட்ட வேண்டும். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரசல் மெரிடித் என்பவர் மக்னீசியத்தை ஒட்டவைப்பதற்காக உருவாக்கிய முறை இது. அப்போது ஆர்கான் அல்ல, ஹீலியம். வேறு எதிலும் பிடி கொடுக்காத உலோகத்துக்காகப் பிறந்த முறை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இதற்கு ஏன் இத்தனை கவனிப்பு தேவைப்படுகிறது என்பது புரியும்.

ஒரே பெட்டிக்குள் மூன்றும் எப்படி வந்தன? ராடிலும் ஆர்கானிலும் கை கொஞ்சம் நடுங்கினால் முனைக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளி மாறும், அதோடு வோல்ட்டும் ஏறி இறங்கும். ஆம்பியர் மட்டும் அசையக் கூடாது. அசைந்தால் உருகிய உலோகக் குளம் ஆறும், அல்லது ஓட்டை விழும். சி.ஓ.டூ-வில் அப்படியே தலைகீழ். அங்கே வோல்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆம்பியரை விட்டுவிட வேண்டும். கம்பி கொஞ்சம் நெருங்கிப் போனால் ஆம்பியர் குபுக்கென்று ஏறி அந்த நுனியை எரித்துவிடும். இடைவெளி தானே பழைய நிலைக்கு வந்துவிடும். அதனால்தான் சி.ஓ.டூ டார்ச்சைப் பிடித்த இரண்டாம் நாளே பையன்கள் நேர்க்கோடு போடுகிறார்கள்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் செட்டுக்கு இந்த இரண்டு குணத்தில் ஒன்றுதான் வரும், அதன் சுருளும் இரும்பும் அப்படி அமைந்தவை. இன்வெர்ட்டர் வந்த பிறகு கதை மாறியது. லைனில் வரும் மின்சாரத்தை முதலில் டி.சி. ஆக்கி, நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இறக்குகிறார்கள். எதைப் பிடித்து வைப்பது, எதை விடுவது என்று ஒரு சின்ன எலெக்ட்ரானிக் அட்டை முடிவு செய்கிறது. அட்டைக்கு எந்தக் குணமும் சம்மதம். ஆகவே மூன்றும் ஒரே பெட்டியில் இருப்பதில் ஏமாற்று எதுவும் இல்லை. நாலு பேர் தூக்கிய செட்டை இன்று தோளில் மாட்டிக்கொண்டு போவதும் இதே தந்திரத்தால்தான்.

சரி, அப்படியானால் குறை எங்கே? நெருப்பு பிடிக்கும் இடத்திலேயே தொடங்குகிறது.

த்ரீ இன் ஒன் மெஷின்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது லிஃப்ட் முறை. டங்ஸ்டன் முனையை வேலையின் மேல் தொட்டு, மெல்ல எடுக்க வேண்டும். கை பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் தொடும் ஒவ்வொரு முறையும் முனையில் கொஞ்சம் எஸ்.எஸ். ஒட்டும், சில சமயம் டங்ஸ்டன் துணுக்கு வேலைக்குள் தங்கும். ஒட்டினால் முனையைத் திரும்பத் தீட்ட வேண்டும். நாள் முழுக்க டேக் (புள்ளிப் புள்ளியாக ஒட்டுவது) வைக்கும் வேலையில் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். தனி ஆர்கான் மெஷினில் எச்.எஃப். (ஹை ஃப்ரீக்வன்சி) இருக்கும்: சில ஆயிரம் வோல்ட் பொறி ஒன்று இடைவெளியைத் தாவிப் போய் வழி போட்டுக்கொடுக்கும், முனை எதையும் தொட வேண்டியதில்லை. இதற்கும் ஒரு தொல்லை உண்டு. அந்தப் பொறி பக்கத்தில் இருக்கும் எலெக்ட்ரானிக் தராசையும் கணினியையும் கலங்கடிக்கும். ஓசூரில் சி.என்.சி. (கணினி இயக்கும்) மெஷின் ஓடும் இடத்துக்குள் எச்.எஃப். போடக் கூடாது என்று தடுத்து நிறுத்துகிறவர்கள் காரணமில்லாமல் சொல்வதில்லை.

அடுத்தது, நிறுத்தும் இடம். தொடங்குவதைவிட நிறுத்துவதில்தான் ஆர்கான் வேலையின் தரம் தெரியும் என்பது என் கட்சி. சட்டென்று நெருப்பை அணைத்தால் கடைசிக் குளம் நடுவில் குழி விழுந்து ஆறும். அந்தக் குழியிலிருந்துதான் விரிசல் புறப்படும். தனி மெஷினில் பொத்தானை விட்டதும் ஆம்பியர் மூன்று நான்கு நொடியில் படிப்படியாக இறங்கும். அதன் பிறகும் சில நொடிகள் வாயு ஓடி, சிவந்திருக்கும் இடத்தை மூடிக் காக்கும். விலை குறைந்த த்ரீ இன் ஒன்னில் இந்த இரண்டும் இருக்காது. வாயுவுக்கு டார்ச்சின் கழுத்திலேயே கையால் திருகும் ஒரு வால்வு வைத்திருப்பார்கள். நெருப்பை அணைக்க வேண்டுமானால் டார்ச்சை இழுக்க வேண்டும். இழுத்தால் வாயுவும் கூடவே போய்விடும். சூடாக இருக்கும் எஸ்.எஸ். மேல் காற்று பட்டவுடன் கறுக்கும். வைக்கோல் நிறம், லேசான நீலம் வரை பரவாயில்லை. சாம்பல், கறுப்பு என்றால் அந்த இடத்தின் குரோமியக் காப்பு போய்விட்டது, ஒரு மழைக்காலத்தில் துரு எட்டிப் பார்க்கும்.

மூன்றாவது, குறைந்த ஆம்பியர். எஸ்.எஸ். தகட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் (மில்லி) கனத்துக்கு 30 முதல் 40 ஆம்பியர் என்று கணக்கு வைத்துக்கொண்டால், முக்கால் மில்லித் தகடு 30-ஐத் தாண்டக் கூடாது. ஆர்கானுக்கென்று செய்த மெஷின் 10 ஆம்பியரிலும் அசையாமல் நிற்கும். பொது மெஷினில் அந்த அளவில் நெருப்பு தள்ளாடும். ஆம்பியரைத் துடிப்புத் துடிப்பாக ஏற்றி இறக்கும் பல்ஸ் வசதியும் மெல்லிய தகட்டுக்கு ஒரு வரம். தனி மெஷின்களில்தான் அதை நம்பிக் கேட்கலாம்.

இதெல்லாம் மாங்கூழ் ஆலைக்காரருக்கு ஏன் முக்கியம்? கிருஷ்ணகிரிப் பக்கம் விளையும் பெங்களூரா மாம்பழம், அதாவது தோத்தாபுரி, பெரும்பாலும் கூழுக்குத்தான் போகிறது. பழம் வரத்து தொடங்குவதற்கு முன் பங்குனி, சித்திரையில் ஆலைகளில் பராமரிப்பு வேலை மும்முரமாக இருக்கும். தொட்டி, பைப், நீராவிக் கொப்பரை எல்லாம் 304 ரக எஸ்.எஸ். கூழ் புளிப்புள்ளது, வெல்டின் உட்புறம் மேடு பள்ளமாக இருந்தால் அங்கே தங்கிப் புளித்து, கழுவினாலும் போகாது. ஆகவே பைப்புக்குள்ளேயும் ஆர்கானை நிரப்பிவிட்டு வெளியிலிருந்து அடிக்க வேண்டும். இல்லையென்றால் உட்பக்கம் கருகிய சர்க்கரை மாதிரி பொருக்குத் தட்டும். பால் குளிரூட்டும் நிலையத் தொட்டிகளுக்கும் இதே கதைதான். மாடிப்படிக் கைப்பிடிக்கு வரும் 202 ரகப் பைப்புக்கு இவ்வளவு பார்க்க மாட்டார்கள், பஃபிங் போட்டு மினுக்கிவிட்டால் போதும். அந்த வேலைக்கு லிஃப்ட் முறை தாராளமாகப் போதும்.

அலுமினியத்துக்கு வருவோம். பலர் தடுக்கி விழும் இடம் இது. பெட்டியில் டிக் என்று இருந்தால் அலுமினியமும் அடிக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடுத் தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். டி.சி. நெருப்பைக் காட்டினால் தோல் அப்படியே நிற்க, உள்ளே உலோகம் தண்ணீராகிப் பொத்தென்று கீழே விழும். ஏ.சி. இருந்தால், முனை ப்ளஸ்ஸாகும் பாதியில் தோல் உரியும், மைனஸாகும் பாதியில் வேலை சூடாகும். இப்படி மாற்றி மாற்றித் திருப்ப, வெளியீட்டுப் பக்கத்தில் இன்னொரு இன்வெர்ட்டர் சுற்று வேண்டும். அந்தச் சுற்றுக்குத்தான் விலை. ஏ.சி./டி.சி. ஆர்கான் மெஷின், வெறும் டி.சி. மெஷினைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை சொல்வது இதனால்தான். சந்தையில் கிடைக்கும் த்ரீ இன் ஒன் பெரும்பாலும் டி.சி. மட்டும். அதில் ஸ்பூல் கன் (கம்பிச் சுருளைத் தன்மேலேயே வைத்திருக்கும் டார்ச்) மாட்டி, ஆர்கானை ஓடவிட்டு, மிக் முறையில் கெட்டி அலுமினியத்தை ஒட்டலாம். ஆனால் விரிசல் விட்ட பைக் கிராங்க்கேஸையோ (எஞ்சின் கூடு) ரேடியேட்டரையோ அதைக்கொண்டு தொடுவது புத்திசாலித்தனமல்ல. கடைக்காரரிடம் "டிக் இருக்கா" என்று கேட்காதீர்கள். "ஏ.சி.யா, டி.சி.யா" என்று கேளுங்கள்.

வாயுக் கணக்கு இன்னும் சுவாரசியமானது, யாரும் முதலில் போடாததும் கூட. சி.ஓ.டூ வாயுவை ஆர்கான் டார்ச்சில் விட்டால் டங்ஸ்டன் கண்ணெதிரே எரிந்துபோகும். ஆர்கான்-சி.ஓ.டூ கலவைக்கும் அதே பலன். சரி, ஆர்கானையே இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாமா? சாதா இரும்பில் சுத்த ஆர்கானை வைத்து மிக் அடித்தால் கம்பி மேலே உட்கார்ந்துகொள்ளும், உள்ளே இறங்காது. ஆக மெஷின் ஒன்று, சிலிண்டர் இரண்டு, ரெகுலேட்டர் இரண்டு, சி.ஓ.டூ ரெகுலேட்டர் உறையாமலிருக்க ஹீட்டர் வேறு. "ஒன்று வாங்கினால் மூன்று" என்ற கணக்கு சிலிண்டர் வண்டி வாசலில் வந்து நிற்கும்போது கொஞ்சம் சுருங்கிவிடும்.

47 லிட்டர் கொள்ளளவுள்ள பெரிய நீல சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 7,000 லிட்டர் ஆர்கான் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் 700 நிமிடம், அதாவது நெருப்பு எரியும் நேரம் பன்னிரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு. பைப்புக்குள் நிரப்புவதையும் சேர்த்தால் இன்னும் குறையும். 30 கிலோ சி.ஓ.டூ சிலிண்டரோ 15,000 லிட்டருக்கு மேல் வாயு தரும், விலையும் மலிவு. ஆர்கான் தீர்வதை முள்ளைப் பார்த்தே சொல்லிவிடலாம். சி.ஓ.டூ உள்ளே திரவமாக இருப்பதால் கடைசிவரை முள் பெரிதாக இறங்காது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை நடு வேலையில் சிலிண்டர் தீர்ந்து நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எந்த வாயுவாக இருந்தாலும் காற்றுக்கு ஆகாது. அம்மி பறக்கும் ஆடிக் காற்றில் ஆர்கான் எம்மாத்திரம்? வாசலில் கேட் மாட்டப் போகிறவருக்கு ராடுதான் கதி, அல்லது வாயு தேவைப்படாத ஃப்ளக்ஸ் கம்பி. இந்த இரண்டுமே த்ரீ இன் ஒன்னில் முடியும் என்பது அதன் பெரிய பலம். இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் முறை மாறும்போது ப்ளஸ், மைனஸ் கேபிளும் மாற வேண்டும். சாதா மிக் கம்பிக்கு டார்ச் ப்ளஸ்ஸில். ஆர்கானுக்கு மைனஸில். வாயு இல்லாத ஃப்ளக்ஸ் கம்பிக்கும் பொதுவாக மைனஸ். ஒருமுறை காலையில் ஷெட் வேலையை முடித்துவிட்டு, மதியம் எஸ்.எஸ். பைப்புக்கு உட்கார்ந்தேன். டார்ச்சை ப்ளஸ்ஸிலேயே செருகியிருக்கிறேன், கவனிக்கவில்லை. நெருப்பு பிடித்த வேகத்தில் டங்ஸ்டன் நுனி மெழுகுபோல உருண்டு குளத்துக்குள் சொட்டியது. சூட்டில் மூன்றில் இரண்டு பங்கு ப்ளஸ் பக்கம்தான் விழும் என்று எனக்குத் தெரியாமலா? தெரியும். மாற்ற மறந்துவிட்டேன், அவ்வளவுதான். அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு வேறு துண்டு போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. தனி மெஷினில் இந்த மறதிக்கு இடம் குறைவு.

கரண்ட் விஷயத்தில் ஒரு கணக்கு பாருங்கள். அதே 200 ஆம்பியர் என்றாலும், ஆர்கானில் நெருப்பின் வோல்ட் சுமார் 18, சி.ஓ.டூ-வில் 24, ராடில் 28. பெருக்கினால் 3.6, 4.8, 5.6 கிலோவாட். சாதாரண இன்வெர்ட்டரின் இழப்பையும் பவர் ஃபேக்டரையும் சேர்த்தால் 230 வோல்ட் சிங்கிள் பேஸில் ஆர்கான் 26 ஆம்பியர் இழுக்கும், சி.ஓ.டூ 35, ராடு 40-ஐத் தாண்டும். ஆர்கான் வேலையில் 200 வரை போகவும் மாட்டோம். 100 ஆம்பியரில் லைனில் பத்துதான். பென்னாகரம், அஞ்செட்டி பக்கத்துக் கோடிக் கிராமங்களில் சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு இறங்கும் இடத்தில் இது சின்ன விஷயமல்ல. சி.ஓ.டூ அடித்தால் படபடவென்று துப்பும் அதே லைனில் ஆர்கான் சத்தமில்லாமல் ஓடும். அங்கே நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரைப் போட்டுவிட்டு மெஷினைத் திட்டக் கூடாது.

பெட்டியின் முதுகில் இருக்கும் 60 சதவீதம் என்ற எண்ணையும் படிக்க வேண்டும். 200 ஆம்பியரில் 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அடிக்கலாம், நான்கு நிமிடம் ஓய்வு. நிறுத்தாமல் அடிக்க வேண்டுமானால் 155 ஆம்பியரோடு நிற்க வேண்டும். இந்தக் கணக்கு 40 டிகிரி வெப்பத்துக்குப் போட்டது. சித்திரையில் தருமபுரித் தகரக் கூரைக்கடியில் 40 எப்போதோ தாண்டியிருக்கும். மெல்லிய ஆர்கான் வேலையில் இது உறைக்காது. டிராக்டர் டிரெய்லர், தண்ணீர் டேங்கர், ஷெட் ட்ரஸ் (கூரைச் சட்டம்) என்று நீளமாக சி.ஓ.டூ இழுப்பவர்களுக்கு உறைக்கும்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ட்ரஸ் வேலையை ஆர்கானில் செய்கிறவன் பட்டினி கிடப்பான்.

பழுது என்று வந்தால், த்ரீ இன் ஒன்னில் அட்டை போனால் மூன்றும் படுத்துவிடும். ஓசூருக்கோ பெங்களூருக்கோ தூக்கிக்கொண்டு போய், திரும்பி வரும்வரை ஒரு வேலையும் நடக்காது. அதனால் எது வாங்கினாலும் பழைய ஆர்க் செட்டை எடைக்குப் போடாதீர்கள் என்பேன். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆர்கானில் புகை குறைவு என்பதால் முகமூடியைச் சாக்குப்போக்குச் சொல்லிக் கழற்றுகிறார்கள். வெல்டிங் புகையைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2017-இல் சேர்த்தது, எஸ்.எஸ்.ஸில் குரோமியம் வேறு. தொட்டிக்குள் இறங்கி ஆர்கான் அடித்தால் காற்றைவிடக் கனமான அந்த வாயு அடியில் தேங்கும், வாசனையும் இல்லை. வெளியே ஒருவர் நிற்காமல் இறங்கக் கூடாது. சிவப்பு முனை டங்ஸ்டனில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. தீட்டும் தூசிதான் ஆபத்து. லாந்தனம் கலந்த தங்க நிற முனை அதே வேலையைச் செய்யும்போது சிவப்பை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

தம்பிக்கு நான் மெஷின் பெயர் எதுவும் சொல்லவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கச் சொன்னேன். பட்டறைக்கு வரும் ஒவ்வொரு வேலையையும் எழுது, முக்கியமாக முடியாது என்று திருப்பி அனுப்பியதை எழுது, என்ன உலோகம், எத்தனை மில்லி என்று குறித்துவை, மூன்று மாதம் கழித்து வா என்றேன். திருப்பி அனுப்பியதில் பாதி இரும்பு, அவசரமாக வேண்டும் என்பதால் கை நழுவியது என்றால் த்ரீ இன் ஒன்தான் சரி, அதன் சி.ஓ.டூ-வுக்காகவே அதை வாங்கலாம், ஆர்கான் அதில் ஒரு கொசுறு. மெல்லிய எஸ்.எஸ். என்றால் எச்.எஃப்., பல்ஸ், படிப்படியாக இறங்கும் வசதி உள்ள டி.சி. தனி மெஷின். அலுமினியம் வாரத்துக்கு ஒன்றாவது வந்திருந்தால் மட்டும் ஏ.சி./டி.சி. பற்றிப் பேசலாம்.

சித்திரையில் நோட்டோடு வந்தான். அலுமினியம் இரண்டே வரி, இரண்டும் பைக் கிராங்க்கேஸ். ஷெட் வேலை எதுவும் கை நழுவவில்லை. ராடை வைத்தே சமாளித்திருந்தான். எஸ்.எஸ். மட்டும் பக்கம் பக்கமாக: தொட்டி ஒழுகல், டீக்கடை பாய்லர், கல்யாண மண்டபத்து அண்டா, பால்கேன் கைப்பிடி, ஆலை பைப் மூன்று தடவை. எல்லாமே ஒன்றரை மில்லிக்குள். 200 ஆம்பியர் டி.சி. ஆர்கான் மெஷின் வாங்கினான். ஃபில்லரில் 308எல் அதிகமாகவும், எஸ்.எஸ்.ஸை இரும்போடு ஒட்ட வேண்டிய இடத்துக்காக 309எல் கொஞ்சமும் எடுத்துக்கொண்டான். ஆலை வேலை இந்த வருஷம் கிடைக்கவில்லை, வேறு ஆள் முந்திக்கொண்டார். டீக்கடை பாய்லர்கள்தான் இப்போதைக்கு சிலிண்டர் காசைக் கொடுக்கின்றன.